வயலைப் படித்த உழவர்கள்

வயலில் பூச்சி பெருகினால் என்ன செய்ய வேண்டும்? ‘மருந்து தெளிக்க வேண்டும்’ என்பதே பலர் உடனே சொல்லும் விடை. பூச்சி வந்தது, மருந்து தெளித்தால் போய்விடும் என்று இவ்விடை ஒரு நேர்கோட்டைப் போலச் செல்கிறது. ஆனால், வயல் நேர்கோடு அன்று. அது ஒரு வலை. மண், நீர், பயிர், பூச்சி, சிலந்தி, தவளை, உழவர், சந்தை, அரசின் கொள்கை ஆகிய அனைத்தும் அவ்வலையில் பின்னிக் கிடக்கின்றன. ஓர் இழையை இழுத்தால் மற்றோர் இழை அசையும். இவ்வாறு ஒன்றோடொன்று உள்ள தொடர்பை முழுமையாகப் பார்த்து முடிவெடுப்பதே ‘அமைப்புமுறைச் சிந்தனை’ எனப்படும். இதன் தேவையை இந்தோனேசியாவின் நெல் வயல்கள் உலகுக்கு உணர்த்தின.

1960களில் இந்தோனேசியாவில் விளைந்த அரிசி அந்நாட்டு மக்களுக்குப் போதவில்லை. அக்காலத்தில் பிலிப்பைன்ஸில் உள்ள அனைத்துலக நெல் ஆய்வு நிலையம் அதிக விளைச்சல் தரும் குட்டை நெல் வகைகளை உருவாக்கியது. 1966ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.ஆர். 8 அவற்றுள் புகழ்பெற்றது. புதிய விதை, உரம், பூச்சிக்கொல்லி ஆகிய மூன்றையும் சேர்த்து உழவர்களிடம் கொண்டு செல்லும் திட்டத்தை இந்தோனேசிய அரசு வகுத்தது. பூச்சிக்கொல்லி விலையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அரசே ஏற்றது. மருந்து மலிவாகக் கிடைத்ததால், பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த நாளில் அதைத் தெளிப்பது வழக்கமாயிற்று. விளைச்சலும் உயர்ந்தது.

ஆனால், 1970களின் நடுப்பகுதியில் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாயிற்று. அதுவரை பெரிதாகப் பொருட்படுத்தப்படாத ஒரு சிறு பூச்சி வயல்களில் கூட்டங்கூட்டமாகப் பெருகியது. தமிழில் அதற்குப் ‘புகையான்’ என்று பெயர். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள இப்பழுப்பு நிறப் பூச்சி நெற்பயிரின் அடித்தண்டில் அமர்ந்து சாற்றை உறிஞ்சும். தாக்குதல் மிகுந்தால், பச்சைப் பசேலென்று இருந்த வயல் சில நாள்களிலேயே தீயில் கருகியதுபோல் காய்ந்துவிடும். ஜாவாத் தீவின் பல பகுதிகளில் உழவர்கள் தங்கள் உழைப்பையும் கடன் வாங்கிப் போட்ட முதலையும் இழந்தனர். அப்பத்தாண்டின் பிற்பகுதியில், உலகிலேயே மிக அதிகமாக அரிசி இறக்குமதி செய்யும் நாடாக இந்தோனேசியா விளங்கியது.

இதற்குத் தீர்வாக மேலும் மருந்து தெளிக்கப்பட்டது. புகையானைத் தாங்கி வளரும் நெல் வகைகளும் வழங்கப்பட்டன. அவற்றின் உதவியால் 1984ஆம் ஆண்டு இந்தோனேசியா அரிசியில் தன்னிறைவு அடைந்தது. எனினும், அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1986ஆம் ஆண்டு புகையான் மீண்டும் ஜாவா வயல்களைச் சூறையாடியது.

மருந்து தெளிக்கத் தெளிக்கப் பூச்சி ஏன் பெருகியது? 1970களின் இறுதியில், பிலிப்பைன்ஸ் வயல்களில் பீட்டர் கென்மோர் என்னும் ஆய்வாளர் இக்கேள்விக்கு விடை தேடினார். மருந்து தெளிக்காத வயல்களில் புகையான் குறைவாகவும், தெளித்த வயல்களில் மிகுதியாகவும் இருப்பது தெரியவந்தது. மருந்து தெளிக்காத வயலில் ஓநாய்ச் சிலந்திகள் புகையானை வேட்டையாடின. ஒரு வகை நாவாய்ப்பூச்சி அதன் முட்டைகளை உறிஞ்சி அழித்தது. மருந்து இந்தக் காவலர்களையும் கொன்றுவிட்டது. புகையானோ இலையுறையின் உள்ளே முட்டையிடுவதால், பல முட்டைகள் மருந்துக்குத் தப்பின. அவை பொரித்து வெளிவந்தபோது அவற்றைத் தின்பதற்கு வயலில் எவரும் இல்லை. புகையான் ஒரு மாதத்திற்குள் அடுத்த தலைமுறையை உருவாக்கிவிடும். சிலந்திகளால் அவ்வளவு விரைவாகப் பெருக முடியாது.

இங்கே இரு சுழற்சிகளைக் காணலாம். மருந்து தெளிக்காத வயலில் பூச்சி கூடினால் சிலந்திக்கு உணவு கூடும், சிலந்தி பெருகும், பூச்சி குறையும். இது சமன்செய்யும் சுழற்சி. மருந்து தெளித்த வயலிலோ சிலந்தி சாகும், பூச்சி கூடும், அஞ்சிய உழவர் மேலும் மருந்து தெளிப்பார், எஞ்சிய சிலந்திகளும் சாகும். இது சிக்கலைத் தானே வளர்க்கும் சுழற்சி. இரண்டாவது சுழற்சியில் சிக்கிக்கொண்ட உழவர் சோம்பேறியும் அல்லர், அறியாதவரும் அல்லர். தமக்குச் சொல்லப்பட்டதைத் தவறாமல் செய்தவர். மருந்தை மலிவாக்கிய கொள்கையும் அந்தச் சுழற்சியைச் சுற்றிவிட்டது. எய்தவன் இருக்க அம்பை நோவது இங்குப் பொருந்தாது.

ஆகவே, திருத்தமும் கொள்கையிலிருந்தே தொடங்கியது. 1986ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், 57 வகைப் பூச்சிக்கொல்லிகளை நெல் வயல்களில் பயன்படுத்த இந்தோனேசிய அரசு தடை விதித்தது. பூச்சிக்கொல்லிக்கான உதவித்தொகை படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1989ஆம் ஆண்டுக்குள் முற்றாக நிறுத்தப்பட்டது. மருந்து குறைந்தால் அரிசியும் குறையும் என்று பலர் அஞ்சினர். ஆனால், பூச்சிக்கொல்லிப் பயன்பாடு சரிந்தபோதும் நாட்டின் நெல் உற்பத்தி தொடர்ந்து உயர்ந்தது.

தடை மட்டும் போதாது. வயலைப் புரிந்துகொள்ளும் அறிவு உழவரிடம் இருக்க வேண்டும். அதற்காக 1989ஆம் ஆண்டு, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு ‘உழவர் வயல்வெளிப் பள்ளிகள்’ தொடங்கப்பட்டன. அங்கே வயலே வகுப்பறை. சுமார் 25 உழவர்கள் வாரம் ஒருமுறை, விதைப்பு முதல் அறுவடை வரை கூடினர். அவர்கள் வயலில் இறங்கிப் பயிர்களைக் கூர்ந்து பார்த்தனர். பூச்சிகளையும் அவற்றைத் தின்னும் உயிர்களையும் எண்ணினர். பிறகு, பெரிய தாளில் நடுவே நெற்பயிரையும், ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சிகளையும், மறுபக்கம் நன்மை செய்யும் உயிர்களையும் வரைந்தனர். அப்படத்தைப் பார்த்துப் பேசிய பின்னரே அவ்வாரம் என்ன செய்வது என்று முடிவெடுத்தனர். வலைக்கூண்டுக்குள் சிலந்தியையும் புகையானையும் ஒன்றாக விட்டு, நடப்பதைத் தம் கண்களாலேயே கண்டனர். சிலந்தியைக் கண்டால் நசுக்கியவர்கள் அதனைத் தோழனாக மதிக்கத் தொடங்கினர். பத்தே ஆண்டுகளில் இப்பள்ளிகளில் பயின்றோர் தொகை பத்து இலட்சத்தைக் கடந்தது.

1990களில் ஜாவாவில் நடந்த ஆய்வுகள் இவ்வலையின் இன்னோர் இழையைக் காட்டின. நடவு முடிந்த தொடக்க நாள்களில் வயலில் புகையான் அதிகம் இராது. அப்படியானால், சிலந்திகள் எதைத் தின்று உயிர் வாழ்கின்றன? வைக்கோலும் சாணமும் நீரில் மக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை உண்டு, கொசுவைப் போன்ற ஆனால் கடிக்காத சிற்றீக்கள் வளர்கின்றன. சிலந்திகளுக்கு அவையே தொடக்க உணவு. மண்ணுக்கு இடும் மக்கிய உரம் பயிருக்கு மட்டும் உணவாவதில்லை. பயிரைக் காக்கும் படைக்கும் அதுவே உணவாகிறது. புகையான் வருவதற்கு முன்பே சிலந்திப் படை ஆயத்தமாக நிற்பது இதனால்தான்.

எனினும், ஒருமுறை கற்ற பாடம் என்றும் நிலைக்கும் என்று சொல்வதற்கில்லை. 2010ஆம் ஆண்டையொட்டி ஜாவாவில் புகையான் மறுபடியும் பெரும் சேதம் விளைவித்தது. மருந்துப் பயன்பாடு மீண்டும் பெருகியதும், இடைவெளியின்றி ஆண்டு முழுவதும் நெல் பயிரிட்டதும் அதற்கு முக்கியக் காரணங்களாகச் சுட்டப்பட்டன. அமைப்பைத் தொடர்ந்து கவனிக்காவிட்டால், பழைய சுழற்சி மீண்டும் சுழலத் தொடங்கிவிடும்.

இதே சிந்தனையை மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களிலும் காணலாம். செம்பனைப் பழங்களைக் கடித்துச் சேதப்படுத்தும் எலிகளை ஒழிக்க நச்சுணவு வைப்பது வழக்கம். ஆனால், நஞ்சுண்ட எலியைத் தின்னும் கூகையும் நஞ்சால் பாதிக்கப்படலாம். எலிகளின் எதிரியாகிய கூகை குறைந்தால் எலிகளுக்கே கொண்டாட்டம். இதனை உணர்ந்த பல தோட்டங்கள், உயரமான கம்பங்களில் மரப்பெட்டிகளைப் பொருத்திக் கூகைகள் கூடு கட்ட வழிசெய்கின்றன. இரவில் பறக்கும் கூகை, சம்பளம் கேட்காத காவலாளியாகப் பணி புரிகிறது.

ஒரு சிக்கலுக்குத் தீர்வு காணும்போது, ‘இதைச் செய்தால் உடனே என்ன நடக்கும்?’ என்னும் கேள்வியோடு நின்றுவிடக்கூடாது. ‘அதற்குப் பிறகு என்ன நடக்கும்? இதனால் வேறு எவை பாதிக்கப்படும்? இச்சிக்கலை வளர்ப்பது எது?’ என்றும் கேட்க வேண்டும். ஜாவா உழவர்கள் சேற்றில் நின்று இக்கேள்விகளைக் கேட்டனர். தட்டில் விழும் ஒவ்வொரு பிடி சோற்றுக்கும் பின்னால் உழவரின் உழைப்போடு ஒரு சிலந்தியின் உழைப்பும் இருக்கிறது என்பதே அவர்கள் கண்ட விடை.