ஈரல் அழற்சி ‘சி’: கணவன் மனைவி இருவரும் அறிய வேண்டியவை

ஊர் திரும்பிய பின் செய்யும் இரத்தப் பரிசோதனையில் சிலருக்கு ஈரல் அழற்சி ‘சி’ (ஹெபடைற்றிஸ் சி) தொற்று இருப்பதாகத் தெரியவரலாம். உடனே வீட்டில் எழும் கேள்வி, “இது யாரிடமிருந்து வந்தது?” என்பதே. இதனைப் பாலியல் நோய் என்று எண்ணி ஒருவரையொருவர் சந்தேகிக்கும் தம்பதியரும் உண்டு. அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தவறானது.

இந்த வைரஸ் முக்கியமாக இரத்தத்தின் ஊடாகவே தொற்றுகின்றது. ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்குப் போடுதல், பரிசோதிக்காத இரத்தம் ஏற்றுதல், கிருமி நீக்காத கருவிகளால் காயத்துக்குத் தையல் போடுதல், பச்சை குத்துதல் என்பனவே பிரதான வழிகள். வைரஸ் கண்டறியப்பட்டதே 1989இல்தான். தொற்றிய பின் 20 வருடங்கள்கூட எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். ஆகவே, இன்று தெரியவந்த தொற்று திருமணத்துக்கு முன்னரே ஏற்பட்டதாகவும் இருக்கலாம்.

உடலுறவால் தொற்றாதா? தொற்றலாம், ஆனால் அரிது. அமெரிக்காவில் 500 தம்பதியரிடம் செய்யப்பட்டு 2013இல் வெளியான ஆய்வின்படி, வருடமொன்றில் ஆயிரம் தம்பதியரில் ஒருவருக்கும் குறைவாகவே இவ்வாறு தொற்றக்கூடும். இரத்தம் படும்போதுதான் ஆபத்து கூடுகின்றது: மாதவிடாய் நாட்கள், பிறப்புறுப்பில் புண், ஆசனவாய் வழி உறவு. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் பலருடன் உறவு கொள்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். இவர்கள் ஆணுறையைத் தவறாது பயன்படுத்த வேண்டும். குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். இக்கேள்விகள் அவருக்குப் புதியவை அல்ல.

உண்மையில் படுக்கையறையைவிடக் கிணற்றடியில்தான் கூடிய கவனம் தேவை. சவர அலகு, பற்தூரிகை, நகவெட்டி ஆகியவற்றைப் பகிர வேண்டாம். சலூனில் புதிய அலகு போடும்படி கேளுங்கள். ஒரே கோப்பையில் உண்பதாலோ அணைப்பதாலோ முத்தமிடுவதாலோ இது தொற்றாது. தாய்ப்பால் கொடுக்கலாம், முலைக்காம்பு வெடித்து இரத்தம் கசிந்தால் மட்டும் ஆறும்வரை நிறுத்துங்கள்.

இதற்குத் தடுப்பூசி இல்லை. பிள்ளைகளுக்குப் போடுவது ‘பி’ வகைக்கானது. செங்கமாரிக்குக் குடிக்கும் நாட்டு மருந்தும் இந்த வைரஸை அகற்றாது. ஆனால் இப்போதுள்ள மாத்திரைகளை வைத்தியர் சொன்னபடி, பொதுவாக 12 வாரங்கள் எடுத்தால், 100 பேரில் 95 பேருக்கு மேல் முற்றாகக் குணமடைகின்றனர். அதன் பின்னரும் மீண்டும் தொற்ற இடமுண்டு.

முதற் பரிசோதனையில் ‘உண்டு’ என்று வந்தாலும், வைரஸ் இப்போதும் உடலில் உள்ளதா என்பதை இரண்டாவது பரிசோதனையே காட்டும். சிலருக்கு அது தானாகவே நீங்கியிருக்கும். கணவனும் மனைவியும் சேர்ந்தே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். காயத்துக்குச் சிகிச்சை பெற்றது, இரத்தம் ஏற்றியது ஆகியவற்றை நினைவிலுள்ளவரை வைத்தியரிடம் சொல்லுங்கள். சிகிச்சை முடியும்வரை மதுபானத்தைத் தொட வேண்டாம்.