மூச்சு உள்ளே போகும் ஓசை

அன்புள்ள கயல்விழி,

இரண்டு வயதுத் தம்பி நடுராத்திரியில் நாய் குரைப்பது போல இருமினான், வீடே பதறிப்போனது என்று எழுதியிருந்தாய். ஆன்டிபயாடிக் எழுதாமல் ஒரே வேளை மருந்தோடு டாக்டர் அனுப்பிவிட்டாரே, போதுமா என்றும் கேட்டிருந்தாய். போதும். காரணத்தைச் சொல்கிறேன்.

இதற்கு க்ரூப் என்று பெயர். பெரும்பாலும் பாராஇன்ஃப்ளுயன்சா வைரஸால் வருவது. 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத்தான் அதிகம். ஓரிரு நாள் சளி இருக்கும். பிறகு ஒரு ராத்திரி குரல் கம்மி இந்த இருமல் தொடங்கும்.

குரல்நாண்களுக்குக் கீழே மூச்சுவழியைச் சுற்றி முழு வளையமாக ஒரு குருத்தெலும்பு இருக்கிறது. உள்சவ்வு வீங்கினால் அந்த வளையம் விரிந்து கொடுக்காது, வழிதான் குறுகும். 4 மில்லிமீட்டர் அகலத்தில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் மிச்சம் 2 மில்லிமீட்டர். அகலம் பாதியானால் காற்றுக்குத் தடை 16 மடங்கு. உனக்கோ எனக்கோ அதே வீக்கம் வெறும் தொண்டைக்கட்டோடு போய்விடும்.

அவன் குடித்தது டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு. வீக்கத்தை வற்றவைப்பது அதுதான். வைரஸிடம் ஆன்டிபயாடிக் பலிக்காது. ஆவி பிடிக்கவைப்பதாலும் பயனில்லை. வெந்நீர் கொட்டிப் புண்ணாவதுதான் மிஞ்சும்.

இனி இருமலை விட, மூச்சு உள்ளே போகும் ஓசையைக் கவனி. சட்டையைத் தூக்கி நெஞ்சையும் பார். சும்மா இருக்கும்போதே கரகரவென்று இழுத்தால், கழுத்துக்குழியும் விலாவும் உள்வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், பிள்ளை துவண்டால், உடனே 108-ஐ அழைக்கச் சொல். ஆஸ்பத்திரியில் நெபுலைசரில் அட்ரினலின் வைப்பார்கள். சில நிமிடங்களில் கேட்கும். சுமார் இரண்டு மணி நேரத்தில் அதன் வேகம் தணிந்துவிடும். அதனால்தான் சற்று நேரம் வைத்திருந்து பார்ப்பார்கள்.

உதவி வரும்வரை அவனை அழவிடாதே. அழுதால் மூச்சு வேகமெடுத்துத் தடை இன்னும் கூடும். மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள். அவனுக்கு வசதியானபடி உட்காரட்டும்.

இருமல் இல்லாமல், கடுங்காய்ச்சலோடு எச்சில் வடிய முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் அது வேறு நோய்: குரல்வளை மூடி வீக்கம். வாயைத் திறந்து பார்க்கவே கூடாது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்கு முக்கியக் காரணமான ஹிப் கிருமியைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியை அரசுத் திட்டத்தில் முதலில் போடத் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும், 2011 டிசம்பரில். தம்பியின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார். 6, 10, 14 வாரங்களுக்கான தேதிகள் மூன்றும் எழுதியிருக்கிறதா என்று சரிபார்த்து, விட்டுப்போயிருந்தால் அம்மாவிடம் இன்றைக்கே சொல்.

அன்புடன்,
அத்தை