அது யார் பணம்?

கரமனை ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வீடு. அங்கே ஓர் ஆச்சியும் பேத்தியும் வாழ்கிறார்கள். ஆச்சி பூ விற்பவர். தோவாளையிலிருந்து வரும் பூவைச் சாலைக் கடைத்தெருவில் வாங்குவார். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கட்டுவார். கோயில் வாசலில் விற்பார்.

ஆச்சிக்கு வயது 60. ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் தொடர்கல்வி மையத்துக்குப் போவார். இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். தம் பெயரைத் தாமே எழுதுகிறார்.

பேத்தி பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். பிளஸ் டூ படிக்க ஆசைப்பட்டாள். பஸ் செலவு, புத்தகச் செலவு எல்லாம் இருக்கிறது. பூ விற்ற காசு சாப்பாட்டுக்கும் வாடகைக்குமே சரியாகப் போகிறது.

ஒரு நாள் பேத்தி ஒரு தாளைக் கொண்டுவந்தாள்.

"ஆச்சி, ஒரு டிரஸ்ட்டுல படிக்கப் பணம் தராங்களாம். நீங்க கையெழுத்துப் போடணும். இன்னும் நாலு நாள்தான் இருக்கு."

ஆச்சியின் முகம் மாறியது.

"வேண்டாம் மக்களே. யாருகிட்டயும் கை நீட்டி நமக்குப் பழக்கம் இல்ல. பிச்சை எடுத்தா படிக்கணும்?"

பேத்தி ஒன்றும் பேசவில்லை. தாளை மடித்து வைத்தாள். அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் ஞாயிறு. ஆச்சி வகுப்புக்குப் போனார். மனம் பாடத்தில் இல்லை. டீச்சர் கவனித்தார். "என்ன ஆச்சி?" என்று கேட்டார். ஆச்சி எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் புத்தகத்தை மூடினார். அன்றைய பாடம் ஒரு மனிதரின் கதையாக மாறியது.

கோட்டையூர்க்காரர்

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர் என்று ஓர் ஊர். 1909-ஆம் ஆண்டு அங்கே அழகப்பச் செட்டியார் பிறந்தார். சென்னையில் எம்.ஏ. படித்தார். லண்டனில் சட்டம் படித்தார். பிறகு தொழிலில் இறங்கினார். கேரளத்தில் திருச்சூருக்குப் பக்கத்தில் துணி ஆலை நடத்தினார். ஆலை இருந்த ஊருக்கு இன்றும் அளகப்ப நகர் என்றுதான் பெயர்.

1947-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் தேதி. சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழாக் கூட்டம் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் பேசினார். வசதி உள்ளவர்கள் கல்லூரி தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கூட்டத்தில் அழகப்பர் இருந்தார். அங்கேயே எழுந்தார். காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாகச் சொன்னார்.

சொன்னபடி செய்தார். ஆகஸ்டு 11-ஆம் தேதி காரைக்குடியில் காந்தி மாளிகை என்ற கட்டடத்தில் கல்லூரி தொடங்கியது. இடையில் 40 நாள்கூட ஆகவில்லை. நாடு விடுதலை அடைய இன்னும் நான்கு நாள் இருந்தது.

அடுத்து ஒரு பெரிய காரியம் வந்தது. நாட்டில் ஆராய்ச்சிக்கூடங்கள் அமைக்க அரசு இடம் தேடியது. பெரிய நகரங்களுக்கே அவை போகும் என்று பலர் நினைத்தார்கள். அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1948 ஜூலை 25-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் நிலையம் திறக்கப்பட்டது. மழை குறைந்த வறண்ட ஊர் படிப்புக்குப் பேர்போன ஊராக மாறியது.

அழகப்பர் 1957 ஏப்ரல் 5-இல் காலமானார். மறுநாள் இருந்திருந்தால் அவருக்கு 48 வயது நிறைந்திருக்கும். ஆனால் பள்ளிகளும் கல்லூரிகளும் நிற்கவில்லை. அவர் பெயரில் உள்ள அறக்கட்டளையைக் குடும்பத்தார் தொடர்ந்து நடத்தினார்கள். 1985-இல் அரசு அந்த ஊரில் அழகப்பா பல்கலைக்கழகத்தை ஏற்படுத்தியது.

ஆச்சியின் கேள்வி

ஆச்சி கேட்டார். "அவரு அவரு ஊருக்குக் கொடுத்தாரு. நல்லதுதான். நம்ம ஊருக்கு என்ன?"

டீச்சர் சிரித்தார்.

"நம்ம ஊருக்கும் கொடுத்தார் ஆச்சி. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வளர்க்க ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். 1940-களில் அது மிகப் பெரிய தொகை. மு. இராகவையங்கார், ச. வையாபுரிப் பிள்ளை போன்ற அறிஞர்கள் இங்கே வந்து வேலை செய்தார்கள். அந்தப் பல்கலைக்கழகம்தான் இன்றைய கேரளப் பல்கலைக்கழகம். காரியவட்டத்தில் இன்றும் தமிழ்த்துறை இருக்கிறது. அங்கே படித்தவர்களை யாராவது பிச்சைக்காரர் என்று சொல்வார்களா?"

ஆச்சி தலையை ஆட்டினார். டீச்சர் மேலும் சொன்னார்.

"அவர் சம்பாதித்தது தனி ஆளாகவா? ஆலையில் எத்தனை பேர் நூல் நூற்றார்கள்! எத்தனை பேர் துணி வாங்கினார்கள்! ஊர் கொடுத்தது ஊருக்குத் திரும்பி வருகிறது. இது பிச்சை இல்லை ஆச்சி."

அறக்கட்டளை எப்படி நடக்கிறது?

ஒரு குடும்பம் நல்ல காரியத்துக்காகப் பணமோ நிலமோ ஒதுக்குகிறது. எந்தக் காரியத்துக்கு என்று பத்திரத்தில் எழுதுகிறது. பத்திரத்தைப் பதிவு செய்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள அறங்காவலர்களை நியமிக்கிறது. அதன் பிறகு அந்தப் பணத்தைக் குடும்பத்தார் சொந்தச் செலவுக்கு எடுக்கக் கூடாது. வரவு செலவுக்குக் கணக்கு வைக்க வேண்டும். படிப்புக்கு என்று எழுதினால் அது படிப்புக்கே போக வேண்டும். தகுதி உள்ள பிள்ளை கேட்பது முறையான செயல்.

கேட்கும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

விண்ணப்பத்தை முழுவதும் படிக்க வேண்டும். உண்மையை மட்டும் எழுத வேண்டும். கடைசித் தேதியைத் தவறவிடக் கூடாது. "பணம் கொடுத்தால் உதவித்தொகை வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. அரசு தரும் உதவித்தொகை பற்றியும் பள்ளியில் கேட்க வேண்டும்.

கையெழுத்து

அன்று மாலை ஆச்சி பேத்தியைக் கூப்பிட்டார்.

"அந்தத் தாளை எடு மக்களே. நீ வாசிக்காதே. நான் வாசிக்கேன்."

ஆச்சி விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார். அரை மணி நேரம் ஆனது. 'ஆண்டு வருமானம்' என்ற இடத்தில் நின்றார். பூ விற்ற கணக்கைப் பேத்தியோடு சேர்ந்து கூட்டினார். ஒரு ரூபாயும் குறைத்துச் சொல்லவில்லை. கடைசியில் 'பாதுகாவலர் கையொப்பம்' என்று இருந்தது. அங்கே தம் பெயரை எழுதினார்.

பணம் கிடைக்குமா என்பது இன்னும் தெரியவில்லை. பலர் விண்ணப்பித்திருப்பார்கள். ஆனால் ஆச்சிக்கு வருத்தம் இல்லை.

"கிடைச்சா நல்லா படி. நாளைக்கு நீ சம்பாதிக்கும்போது இன்னொரு பிள்ளைக்குக் கொடு. அப்போ கணக்கு சரியாப் போகும்" என்றார்.

புதிய சொற்கள்

அறக்கட்டளை - நல்ல காரியத்துக்காகப் பணம் ஒதுக்கி நடத்தும் அமைப்பு, டிரஸ்ட்
அறங்காவலர் - அறக்கட்டளையைப் பார்த்துக்கொள்பவர்
உதவித்தொகை - படிப்புக்காகத் தரும் பணம்
பாதுகாவலர் - பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு உள்ளவர்

பேசிப் பாருங்கள்

1. ஆச்சி முதலில் ஏன் வேண்டாம் என்றார்? பிறகு ஏன் மனம் மாறினார்?
2. பிச்சைக்கும் உதவித்தொகைக்கும் என்ன வேறுபாடு?
3. உங்கள் ஊரில் பள்ளி, மருத்துவமனை, கிணறு எதையாவது ஒரு குடும்பம் கட்டிக் கொடுத்திருக்கிறதா? அதை இன்று யார் பார்த்துக்கொள்கிறார்கள்? விசாரித்து எழுதுங்கள்.