பகடையும் படைத் தொடர்பும்



பாலம் கட்டினால் லாரியை ஓட்டிப் பார்க்கலாம். மோட்டார் என்றால் லோடு கொடுத்துப் பார்க்கலாம். போரில் பாதி நிலையங்கள் அழிந்த பிறகும் செய்தி போகவேண்டிய இராணுவத் தொடர்பு வலையை எப்படிச் சோதிப்பது? குண்டு போட்டா பார்க்க முடியும்? இங்கேதான் சிமுலேஷன் கை கொடுக்கிறது.

1960களின் தொடக்கத்தில், அமெரிக்க விமானப் படைக்காக, ராண்ட் நிறுவனத்தில் பால் பாரன் என்ற பொறியாளர் இதை ஆராய்ந்தார். அன்றைய தொலைபேசி அமைப்பில் பல ஊர்கள் ஒரு பெரிய எக்ஸ்சேஞ்சை நம்பி இருந்தன. அது போனால் எல்லாமே போச்சு! பாரன் 18×18, அதாவது 324 நிலையங்கள் கொண்ட வலையைக் கம்ப்யூட்டரில் அமைத்தார். குருட்டாம்போக்கில் சில நிலையங்களை அழித்தார். மிஞ்சியவற்றில், தங்களுக்குள் தொடர்புள்ள மிகப் பெரிய கூட்டத்தில் எத்தனை நிலையங்கள் என்று எண்ணினார். 1964-இல் வெளியான முடிவு இதுதான்: நிலையங்களைப் போல் மூன்று, நான்கு மடங்கு இணைப்புகள் இருந்தாலே பலத்த தாக்குதலுக்குப் பிறகும் மிஞ்சியவை பெரும்பாலும் பேசிக்கொள்ளும். அதற்கு மேல் போட்டால் செலவு கூடும், பலன் கூடாது.

கம்ப்யூட்டர் இல்லாமலே இதை நாமும் செய்து பார்ப்போமா?

1. கிராஃப் தாளில் 6×6, மொத்தம் 36 புள்ளிகள் வையுங்கள். பக்கத்துப் புள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இணையுங்கள். 60 கோடுகள் வரும்.

2. இரண்டு பகடைகளை உருட்டுங்கள். ஒன்று வரிசைக்கு, மற்றது நிரலுக்கு. அந்தப் புள்ளியை அடித்துவிடுங்கள். 18 புள்ளிகள் போகும்வரை உருட்டுங்கள். வலை பெரும்பாலும் துண்டு துண்டாகிக் கிடக்கும்.

3. இன்னொரு தாளில் மூலைவிட்டங்களையும் சேருங்கள். 110 கோடுகள், அதாவது சுமார் 3 மடங்கு. அதே 18 புள்ளிகளை அடியுங்கள். பெரும்பாலும் ஒரு பெரிய கூட்டம் தாக்குப்பிடித்து நிற்கும்.

ஒரு தடவை செய்தால் போதாது. பத்துத் தடவை செய்து சராசரி எடுங்கள். இதற்குப் பெயர்தான் மான்டி கார்லோ முறை.

ஆனால் ஜாக்கிரதை! பகடை ஒவ்வொரு நிலையத்தையும் தனித்தனியாகத்தான் அழிக்கிறது. நிஜத்தில் பத்துக் கேபிள்களும் ஒரே பள்ளத்தில் போனால், ஒரே குண்டு பத்தையும் அறுத்துவிடும். தாளில் பத்துப் பாதை, மண்ணுக்குள் ஒரே பாதை! இதை மாடலில் சேர்க்காவிட்டால் கம்ப்யூட்டர் தப்பான தைரியத்தைத்தான் கொடுக்கும். அந்தத் தப்புக்கு விலை, எல்லையில் உதவி கேட்டுக் காத்திருக்கும் சிப்பாயின் உயிர்.

எனவே நண்பர்களே, நாளை நாம் எந்த வலையைத் திட்டமிட்டாலும், விடையைப் பார்த்துக் கை தட்டுமுன், அதற்குள் என்னென்ன அனுமானங்களைப் போட்டோம் என்று ஒருமுறை எழுதிப் பார்ப்போம்.