ஆஸிலேட்டருக்கு ஒரு பஃபர்



கல்லூரிக் கண்காட்சிக்கு எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி செய்ய ஆசைப்பட்டேன். சி.டி. 40106 ஐ.சி.யில் ஆறு ஷ்மிட் டிரிகர் இன்வர்ட்டர்கள் இருக்கின்றன. ஒன்றின் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர். இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 0.047 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர். அவ்வளவுதான், ஆஸிலேட்டர் ரெடி! 9 வோல்ட் கொடுத்தால் ஏறக்குறைய 250 ஹெர்ட்ஸில் 'ஸ' ஒலிக்கும். ரெசிஸ்டரை மூன்றில் இரண்டு பங்காக்கினால் 'ப'. பிரீசெட் வைத்துச் சரிசெய்து கொள்ளலாம்.

அவுட்புட்டில் வரும் சதுர அலை காதுக்குக் கரகரப்பு. கண்டென்சரில் கிடைக்கும் முக்கோண அலை மென்மை. சி.ஆர்.ஓ.வில் அது அழகாகத் தெரிந்தது. அதை நேராக 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோலில் கொடுத்தேன். சத்தமே இல்லை! 'ஐ.சி. போச்சு'ன்னு நினைச்சு, டீக்காசை மிச்சம் பிடித்து வேறொன்று வாங்கினேன். அதுவும் அப்படியே. வால்யூமைக் கழற்றினால் சி.ஆர்.ஓ.வில் அலை மறுபடியும் வருது! கண்காட்சிக்கு இரண்டே நாள்.

அன்று ராத்திரிதான் பேப்பரை எடுத்தேன். 100 கிலோ ஓமும் 10 கிலோ ஓமும் சீரீஸ். 9 × 10 ÷ 110 = 0.82 வோல்ட். டிரிகர் மாற ஏறக்குறைய 5 வோல்ட் வேண்டுமே! ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதைதான். சி.ஆர்.ஓ.வின் இன்புட் 1 மெகா ஓம். அதனால் கண்டென்சர் 8 வோல்ட் வரை ஏற முடியும். அங்கே ஓடியதன் ரகசியம் இதுதான்.

மருந்து, பஃபர். எல்.எம். 358-இல் இரண்டு ஆப்-ஆம்ப் உண்டு. கண்டென்சரைப் பிளஸ் இன்புட்டில் கொடுத்து, அவுட்புட்டை மைனஸ் இன்புட்டோடு சேர்த்துவிட்டால் வோல்டேஜ் ஃபாலோயர். வோல்டேஜ் கூடாது, குறையாது. கண்டென்சரிலிருந்து கரண்ட் எடுப்பது மிகமிகக் குறைவு; லோடு கேட்கும் கரண்ட்டை சப்ளையிலிருந்து கொடுக்கும். 'ஸ'வுக்கு ஒன்று, 'ப'வுக்கு ஒன்று.

இரண்டு அவுட்புட்டையும் நேராக ஒட்டாதீர்கள், ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஒவ்வொன்றையும் 10 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கொண்டுவந்து சேர்த்து, வால்யூமுக்கும் பிறகு ஆம்ப்ளிஃபயருக்கும் கொடுங்கள். 40106-இல் மீதி இன்புட்டுகளைக் கிரவுண்ட் செய்ய மறக்க வேண்டாம்.

கண்காட்சியில் யார் யாரோ வால்யூமைத் திருகினார்கள். சத்தம் ஏறியது, இறங்கியது. சுருதி அசையவே இல்லை!

அடுத்த தடவை சர்க்யூட் ஓடலேன்னா, ஐ.சி.யைக் கழற்றும் முன் லோடைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். செய்து பாருங்கள் நண்பர்களே, வாழ்த்துகள்!