மூச்சுக்கும் பயிற்சி வேண்டும்

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம். கை, கால் பயிற்சி போதாதா, மூச்சுப் பயிற்சி எதற்கு?
– வாசகர், திருமங்கலம்

பதில்: பக்கவாதம் கை காலோடு நிற்பதில்லை, உதரவிதானமும் விலாத் தசைகளும்கூடத் தளர்கின்றன. இருமலில் வலு இல்லாவிட்டால், புரையேறிய கஞ்சி நுரையீரலிலேயே தங்கி நிமோனியா வரலாம். ஸ்பிரிங் வால்வு வைத்த சிறு கருவியை வாயில் பொருத்தி, அதன் தடையை எதிர்த்துக் காற்றை இழுத்துப் பழகினால் மூச்சுத் தசைகளின் வலு கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நடையும் சீராகும் என்பதற்குச் சான்று அவ்வளவு உறுதியில்லை. ஆகவே கை கால் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். பிராணாயாமம் போதாதா என்பீர்கள். நல்லதுதான், ஆனால் தடையைப் படிப்படியாகக் கூட்ட அதில் வழியில்லை. கொரோனா காலத்தில் வாங்கிவைத்த மூன்று பந்துக் கருவியும் ஈடாகாது. அது நுரையீரலை விரிப்பதற்கானது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இந்தப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். அப்பா படுக்கையிலேயே இருந்தால், 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள்.