கம்ப்ரசர் வாங்கப் போகிறீர்களா? கடையில் சொல்வதும் கணக்கில் வருவதும்

பிள்ளைக்கு பி.சி.பி. (முன்கூட்டியே காற்றடைத்து வைத்துச் சுடும்) ஏர் ரைஃபிள் வாங்கிக் கொடுத்த பெற்றோர் அடுத்ததாகக் கேட்பது, "எந்தக் கம்ப்ரசர் சார் நல்லது?" என்பதுதான். ரைஃபிளின் குழலுக்கு அடியில் இருக்கும் சிறு சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்றடைக்க வேண்டும். அதற்கு என்ன வழி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். கடைக்காரர் ஒன்று சொல்வார், சீனியர் பையன் ஒன்று சொல்வான், வாட்ஸ்அப் குரூப்பில் வேறொன்று வரும். அவற்றில் பாதிக்கு மேல் அரைகுறை. ஒன்றிரண்டு உயிருக்கே ஆபத்தானவை.

"காற்றுதானே, பஞ்சர் கடையிலேயே பிடித்துக்கொள்ளலாம்."

முடியாது. பஞ்சர் கடைக் கம்ப்ரசர் 8 முதல் 10 பார் வரை தரும். நமக்கு வேண்டியது அதைப் போல இருபது மடங்கு. இரண்டும் வேறு வேறு சாதி மெஷின்கள்.

"சொந்தக் கம்ப்ரசர் இல்லாமல் பயிற்சி நடக்காது."

அதிகம் பணம் விரயமாவது இந்த நம்பிக்கையால்தான். 10 மீட்டர் ரைஃபிளின் சிலிண்டர் சுமார் 200 மில்லிலிட்டர் கொள்ளளவு கொண்டது. 100 பாருக்கு இறங்கியதை மறுபடி 200-க்கு ஏற்ற எவ்வளவு காற்று தேவை? 20 லிட்டர். வீட்டுக்கு வரும் தண்ணீர்க் கேன் ஒன்றில் அடங்கும் காற்று, அவ்வளவுதான். போட்டியில் சுடுவது 60 குண்டு. ஒருமுறை நிரப்பினால் பயிற்சிக் குண்டுகளையும் சேர்த்துத் தாராளமாகத் தாங்கும்.

இதற்கு இரண்டு எளிய வழிகள் இருக்கின்றன. ஒன்று, மூன்று கட்டமாக அழுத்தும் கைப்பம்ப். சில நிமிடம் வியர்வை சிந்த வேண்டும், அவ்வளவே. இன்னொன்று, 12 லிட்டர் ஸ்கூபா சிலிண்டர் ஒன்றை 200 பாருக்கு நிரப்பி வைத்துக்கொண்டு அதிலிருந்து ரைஃபிளுக்கு மாற்றிக்கொள்வது. ஒவ்வொரு முறையும் பெரிய சிலிண்டரில் ஏறக்குறைய ஒன்றரை பார்தான் குறையும். 20 முறை நிரப்பிய பிறகும் அதில் 170 பார் மிச்சமிருக்கும். வாரம் ஒரு தடவை நிரப்பும் பிள்ளைக்கு அது நாலைந்து மாதத்துக்குப் போதும். ஆக, ஒரே ஒரு பிள்ளை சுடும் வீட்டுக்குக் கம்ப்ரசர் தேவையே இல்லை. பத்துப் பதினைந்து பேர் பயிற்சி எடுக்கும் கிளப்புக்குத்தான் அது கட்டுப்படியாகும். ஸ்கூபா சிலிண்டர் வாங்கும்போது, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் அங்கீகாரம் அதற்கு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"4500 பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கிறது, அப்படியென்றால் பலமான மெஷின்."

4500 பி.எஸ்.ஐ. என்பது 310 பார். மெஷினால் அந்த அழுத்தத்தை ஒருமுறை தொட முடியும் என்பதற்குத்தான் அந்த எண் சாட்சி. தினமும் தொட்டால் எத்தனை மாதம் உழைக்கும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது வெப்பம்.

சைக்கிள் பம்பை வேகமாக அடித்துவிட்டு அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரியும். காற்றை அழுத்தினால் சூடேறும். 30 டிகிரியில் இருக்கும் காற்றை, இடையில் குளிர விடாமல் ஒரே அழுத்தில் 200 பாருக்குக் கொண்டுபோனால், ஏட்டுக் கணக்குப்படி அது 1000 டிகிரியைத் தாண்டும். எந்த ரப்பர் வளையமும் எந்த எண்ணெயும் அதைத் தாங்காது. அதனால்தான் வேலையைப் பங்குபோட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே காற்றைக் குளிர வைக்கிறார்கள். மூன்று கட்டமாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 230 டிகிரி வரும். இரண்டே கட்டத்தில் 300 பாருக்கு ஏற்றினால் 400 டிகிரியைத் தொடும். ஜெர்மனியின் பாவர், இத்தாலியின் கோல்ட்ரி போன்ற நிறுவனங்களின் மூன்று, நான்கு கட்ட மெஷின்கள் ஏன் அந்த விலை, சீனத்திலிருந்து வரும் இரண்டு கட்டச் சிறு மெஷின் ஏன் இந்த விலை என்பதற்கு விடை பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

சிறு மெஷின் மோசம் என்று சொல்லவில்லை. அதன் குணம் தெரிந்து ஓட்டினால் ஒழுங்காக உழைக்கும். பக்கெட்டில் தண்ணீர் வைத்து, சின்ன மோட்டார் பம்ப் மூலம் சுற்றவிட்டுக் குளிர்விக்கும் ரகம் அது. பம்பின் பிளக்கைச் சொருக மறந்தால் பிஸ்டன் சீல் போய்விடும். போர் தண்ணீரை ஊற்றினால் உள்ளே உப்புக் காரை படியும். பேட்டரிக்கு விடும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. 1800 வாட் மோட்டார் என்றால் 8 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் போட்டால் மோட்டார் திணறும். 15 ஆம்ப் பிளக்கில் நேரடியாகக் கொடுங்கள். வடிகால் வால்வைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, ஓட்டம் சீரான பிறகு மூடுங்கள். கார் பேட்டரியில் ஓடும் குட்டி மெஷினும் உண்டு. ரைஃபிளின் சிறு சிலிண்டருக்கு அது போதும். ஸ்கூபா சிலிண்டரை அதில் மாட்டினால் மெஷின் அன்றைக்கே படுத்துவிடும்.

"ஃபில்டர் இருக்கிறதே, ஈரத்தைப் பற்றி என்ன கவலை?"

நம்மூரில் முதல் கவலையே அதுதான். 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு சாதாரணச் சென்னை நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் நீராவி இருக்கும். காற்றைச் சேமித்து வைக்கும் 6.8 லிட்டர் கார்பன் ஃபைபர் சிலிண்டர் ஒன்றை 300 பாருக்கு நிரப்ப இரண்டு கன மீட்டர் காற்று உள்ளே போக வேண்டும். அதோடு போகும் தண்ணீர் 45 கிராமுக்கு மேல், அதாவது மூன்று மேசைக்கரண்டி. அதே 300 பாரில் அந்தச் சிலிண்டருக்குள் ஆவியாகத் தங்கக்கூடியது கால் கிராம்கூட இல்லை. மிச்சமெல்லாம் தண்ணீராகப் பிரிந்தே தீரும். பிரிவது மெஷினுக்குள்ளா, ரைஃபிளுக்குள்ளா என்பதுதான் கேள்வி.

நல்ல மெஷினில் குளிர்விக்கும் குழாயை அடுத்து ஒரு பிரிப்பான் இருக்கும். அதன் வால்வைத் திறந்தால் எண்ணெயும் தண்ணீரும் கலந்த வெளுத்த கலவை சீறிக்கொண்டு வரும். வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்தால் தெரியும். ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இதைத் திறந்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் ஃபில்டரை நம்புவது வீண். பஞ்சு வைத்த சின்ன ஃபில்டர் நீர்த்துளியைப் பிடிக்குமே தவிர ஆவியைப் பிடிக்காது. ஆவியைப் பிடிப்பது மாலிக்யூலர் சீவ் குருணை, எண்ணெய் வாசத்தைப் பிடிப்பது ஆக்டிவேட்டட் கார்பன். இரண்டுக்கும் ஆயுள் குறைவு, மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரம் உள்ளே போனால், ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே அழுத்தத்தைத் தரும் ரெகுலேட்டர் ஒட்டும், குண்டின் வேகம் ஷாட்டுக்கு ஷாட் மாறும். பத்தாவது வட்டம் அரை மில்லிமீட்டர் புள்ளியாக இருக்கும் விளையாட்டில் இது சின்ன விஷயமல்ல.

"எண்ணெய் எதுவானால் என்ன?"

வண்டிக்கு ஊற்றியது போக மிஞ்சிய எஞ்சின் ஆயிலை ஊற்றுபவர்கள் உண்டு. சூடான உயரழுத்தக் காற்றில் தவறான எண்ணெயின் ஆவி தீப்பிடிக்கும், கரியும் படியும். தயாரிப்பாளர் சொன்ன கம்ப்ரசர் ஆயிலைத் தவிர வேறெதுவும் வேண்டாம். கைப்பம்பில் தையல் மெஷின் எண்ணெய் விடுவதும் இதே தப்புதான். ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் மட்டுமே. "ஆயில்-ஃப்ரீ" மெஷின் என்றால் இந்தத் தொல்லை இல்லை என்பது உண்மை. ஆனால் எண்ணெய் இல்லாததால் பிஸ்டன் வளையங்கள் சீக்கிரம் தேயும்.

"அவசரத்துக்கு வெல்டிங் கடையில் ஆக்சிஜன் பிடித்துக்கொள்ளலாம்."

கூடவே கூடாது. உயரழுத்த ஆக்சிஜன் ஒரு துளி கிரீஸைத் தொட்டாலும் வெடிக்கும், ரைஃபிளின் வால்விலோ கிரீஸ் இருந்தே தீரும். வெளிநாடுகளில் இப்படித் துப்பாக்கி வெடித்துக் கை போன கதைகள் உண்டு. உலர்ந்த நைட்ரஜன் ஆபத்தில்லாதது. ஆனால் இங்கே கிடைக்கும் தொழிற்சாலைச் சிலிண்டர்கள் பெரும்பாலும் 150 பார்தான், 200-க்கு ஏறாது.

மற்ற சில்லறைக் கதைகள். கூடுதல் பார் ஏற்றினால் குண்டு வேகமாகப் போகுமா? போட்டி ரைஃபிளில் ரெகுலேட்டர் இருக்கிறது, போகாது. சீக்கிரம் நிரப்பினால் லாபமா? 60 டிகிரிச் சூட்டில் 200 காட்டிய கேஜ், ஆறியதும் 182 காட்டும். சிலிண்டர் ஆயுள் முழுக்க வருமா? வராது. ஜெர்மன் ரைஃபிள் சிலிண்டர்களுக்குப் பொதுவாக 10 ஆண்டுதான், தேதி அதிலேயே பொறித்திருக்கும். தேதி தாண்டாமல் பார்த்துக்கொள்வது சர்வதேச விதிப்படி வீரரின் பொறுப்பு.

கிளப்புக்குக் கம்ப்ரசர் வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால், பிஸ்டன் வளையம், பர்ஸ்ட் டிஸ்க் (அழுத்தம் மீறினால் உடைந்து காற்றை வெளியேற்றும் பாதுகாப்புத் தகடு), ஃபில்டர் குருணை இந்த மூன்றும் கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். "வரவழைத்துத் தருகிறோம்" என்று பதில் வந்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.